எடைக்குப் போடாதீர்கள், ஓட்டிப் பாருங்கள்!

கோலார் தங்கவயலில் எந்த லைன் வீட்டின் பின்புறத்தை எட்டிப் பார்த்தாலும் ஒரு பழைய சைக்கிள் கண்ணில் படும். தடித்த டயர், நேரான ஹேண்டில், சாய்ந்த பார். பிள்ளை பத்தாவது படிக்கும்போது அடம்பிடித்து வாங்கிய 'ரேஞ்சர்' சைக்கிளாக இருக்கும், அல்லது எம்.டி.பி. என்று நாம் பெயர் சொல்லிப் பழகிய மலை சைக்கிளாக இருக்கும். பிள்ளை படித்து முடித்துப் பெங்களூருக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போய்விட்டான். டயரில் காற்று இறங்கிவிட்டது. செயின் துருவேறிச் சிவந்துவிட்டது. மேலே கிழிந்த சாக்கு ஒன்று கிடக்கும். இன்றோ நாளையோ பழைய இரும்புக்காரர் வந்தால் எடைக்குப் போய்விடும்.

பெங்களூரில் குடியேறிய நம் குடும்பங்களின் நிலையும் வேறல்ல. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் தூசு படிந்த கியர் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. 'இந்தத் தேதிக்குள் எடுத்துச் செல்லாவிட்டால் அப்புறப்படுத்தப்படும்' என்ற அறிவிப்பு ஆண்டுக்கு ஒருமுறை சுவரில் ஒட்டப்படுகிறது. அப்புறம் அவையும் எடைக்குத்தான் போகின்றன.

இவற்றை எடைக்குப் போடக் கூடாது என்பதே என் கருத்து. கொஞ்சம் பணமும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் செலவிட்டால், மலையில் ஓட்டுவதற்கென்று செய்த இந்த வண்டியை ஸ்டேஷனுக்கும் கடைவீதிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் அன்றாட வண்டியாக மாற்றிவிடலாம். இது சிக்கனம் பற்றிய பேச்சு மட்டுமல்ல. நம் ஊரின் கைத்தொழில் அறிவு யாரிடம் இருக்கிறது, அது இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்ற கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது.

நான் மாரிக்குப்பத்தில் ஒரு லைன் வீட்டில் பிறந்தவன். அப்பா சுரங்கத் தொழிலாளி. ஷிப்டு முடிந்து வரும் ஆட்களைச் சைக்கிள் மணியோசையிலேயே அடையாளம் கண்டுகொண்ட தலைமுறை எங்களுடையது. அந்நாளில் சைக்கிள் என்பது குடும்பத்தின் சொத்து. ஆயுத பூசைக்குத் துடைத்துப் பொட்டு வைத்துப் படைப்போம். குரங்குப் பெடல் போட்டுப் பழகாத பையனே கிடையாது. அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியின் ஹெர்குலிஸ் வண்டி ஒன்று வீட்டில் நின்றால், பெண் கொடுப்பவர்கள்கூட ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்.

இன்றோ அதே சைக்கிளில் போனால் 'ஏன் சார், வண்டி ரிப்பேரா?' என்று கேட்கிறார்கள். சைக்கிள் இல்லாதவனை ஏழை என்றது ஒரு காலம். சைக்கிள் மட்டும் வைத்திருப்பவனை ஏழை என்கிறது இக்காலம். இந்த வெட்கத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. அன்றுமுதல் நம் ஊரின் பிழைப்பு தண்டவாளத்தின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மாரிக்குப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பொழுது விடியுமுன்னே ஆயிரக்கணக்கானோர் ரயிலேறி, ஏறத்தாழ 100 கி.மீ. தள்ளி இருக்கும் பெங்களூருக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். நானும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்படிப் போய் வந்தவன். இத்தனை தூரத்துக்கும் ரயில் சீசன் டிக்கெட்டில் முடிந்துவிடுகிறது. ஆனால் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரையிலான இரண்டு மூன்று கிலோமீட்டருக்குத்தான் கடன் வாங்கி ஸ்கூட்டர் எடுக்கிறோம். மாதத் தவணை, பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்ந்து சம்பளத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகின்றன. அந்த ஸ்கூட்டரோ நாள் முழுவதும் ஸ்டேஷன் பக்கத்தில் வெயிலில் காய்கிறது. கால்மணி நேரம் மிதித்தால் போய்ச் சேரும் தூரத்துக்கு இது தேவைதானா?

ஸ்கூட்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயதானவர்களுக்கு, குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு அது வேண்டும். ஆனால் ஒரு வீட்டுக்கு இரண்டாவது ஸ்கூட்டர் வாங்கும் முன், பின்புறத்தில் சாக்கு மூடிக் கிடக்கும் வண்டியை ஒருமுறை திரும்பிப் பாருங்கள் என்கிறேன்.

மலை சைக்கிள் பிறந்த கதையே பழைய சைக்கிளில்தான் தொடங்குகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்காது. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் என்ற மாவட்டத்து இளைஞர்கள் சிலர், 1930-களில் செய்யப்பட்ட பழைய ஷ்வின் சைக்கிள்களைக் குறைந்த விலைக்கு வாங்கித் தடித்த டயர் போட்டு மலைப்பாதையில் இறக்கி ஓட்டினார்கள். 1976-ல் அங்கே 'ரீபேக்' என்றொரு பந்தயம் தொடங்கியது. மலையிறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து, பின்சக்கரத்து அச்சுக்குள் இருக்கும் கிரீஸ் சூட்டில் உருகிப் புகைந்துவிடுமாம். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பெயர் வந்தது. அந்தக் கூட்டத்திலிருந்த ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், டாம் ரிச்சி போன்றவர்கள் பிறகு தாங்களே புதுச் சட்டங்களைச் செய்து விற்றார்கள். 1981-ல் வந்த ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர், தொழிற்சாலையில் பெரும் எண்ணிக்கையில் உருவான முதல் மலை சைக்கிள்களில் ஒன்று. ஆக, வேண்டாமென்று ஒதுக்கிய வண்டியைத் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டவர்களின் கைவேலைதான் உலகம் முழுவதும் பரவியது. அந்த அலை 1990-களில் நம் நாட்டுக்கும் வந்தது. ஹெர்குலிஸ், ஹீரோ, அட்லஸ் எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு எம்.டி.பி. வண்டிகளை இறக்கின.

அவர்கள் ஊர் வண்டியை மலைக்கு மாற்றினார்கள். நாம் மலை வண்டியை ஊருக்கு மாற்றப் போகிறோம், அவ்வளவுதான்.

எப்படி மாற்றுவது?

எங்கள் லைனில் சுரங்கப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். என் மகன் விட்டுச்சென்ற சைக்கிளை அவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். சட்டத்தைச் சுண்டிப் பார்த்தார், வெல்டிங் இணைப்புகளை விரலால் தடவிப் பார்த்தார். 'இரும்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. தேயுற சாமான்தான் தேஞ்சிருக்கு. அதை மாத்திட்டா இன்னும் இருபது வருசம் ஓடும்' என்றார். 'எவ்வளவு ஆகும்ண்ணே?' என்றேன். 'சாமான் நீ வாங்கியா. கூலி வேணாம், கூட உக்காந்து கத்துக்க' என்றார். மொத்தம் 2,400 ரூபாயில் வேலை முடிந்தது. அவரிடம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டயர். மலை சைக்கிளின் டயரில் தடித்த பொத்தான்கள் இருக்கும். சேற்றுக்கு அவை நல்லவை. தார்ச்சாலையில் இழுக்கும், இரையும், கால் ஓயும். அதே அளவில் வழவழப்பான டயர் போட்டாலே பாதி வேலை முடிந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. கடையில் '26 இன்ச் டயர்' என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். மலை சைக்கிள் டயரில் 26-க்கு 1.75, 1.95, 2.125 என்று புள்ளி வைத்த எண் இருக்கும். பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். போன்ற வண்டிகளின் டயரில் 26-க்கு 1 3/8 என்று பின்ன எண் இருக்கும். இரண்டும் 26 என்றாலும் ரிம்மில் உட்காரும் விட்டம் முன்னதற்கு 559 மி.மீ., பின்னதற்கு 590 மி.மீ. ஒன்று மற்றதில் பொருந்தாது. புள்ளிக்குப் புள்ளி வாங்குங்கள்.

இரண்டாவது பிரேக். ஏற்றமும் இறக்கமுமான ஊர் நம்முடையது. பிரேக் கட்டைகள் கெட்டித்து வழுக்கிப்போயிருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். பிரேக் கம்பியையும் புதிதாகப் போடுங்கள். முலாம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. அலுமினிய ரிம் எவ்வளவோ மேல். வசதியிருந்தால் முன்சக்கரத்துக்காவது அதைப் போடுங்கள். சக்கரம் ஆடினால் சைக்கிள் கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது மிதிக்கும் பளு. கியர் உள்ள வண்டியென்றால் கியர் கம்பியை மாற்றி எண்ணெய் விட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கியர் இல்லாத வண்டியில் முன்னே 44 பல் சக்கரமும் பின்னே 18 பல் ஃப்ரீவீலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஏறத்தாழ 5 மீட்டர் போகும். பின்னே 22 பல் ஃப்ரீவீல் போட்டால் அதே ஒரு சுற்றுக்கு 4 மீட்டர்தான் போகும். வேகம் சற்றுக் குறையும். ஆனால் ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டிய அவசியம் இருக்காது. செயினில் இரண்டு கண்ணி கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். செலவு சொற்பம், சுகம் பெரிது.

நான்காவது உட்காரும் முறை. மலை சைக்கிளில் குனிந்து ஓட்ட வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். பழைய வண்டிகளில் ஹேண்டில் தண்டின் மேல் இருக்கும் போல்ட்டைத் தளர்த்தி லேசாகத் தட்டினால் தண்டை உயர்த்தலாம். தண்டில் ஓர் எல்லைக் கோடு இருக்கும், அதற்கு மேல் உயர்த்தக் கூடாது. நேர் ஹேண்டிலுக்குப் பதிலாக நம் பக்கம் வளைந்து வரும் ஹேண்டில் போட்டால் நிமிர்ந்து உட்காரலாம். சீட்டில் அமர்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். அதுவே சரியான உயரம். நம்மில் பலர் சீட்டைத் தாழ்த்தி ஓட்டி முழங்கால் வலியை வரவழைத்துக்கொள்கிறோம்.

பிறகு மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, மணி. இளைஞர்கள் அழகுக்காகக் கழற்றி எறிந்தவை இவைதான். அன்றாட வண்டிக்கு இவையில்லாமல் முடியாது. முன்னே ஒரு கூடை வைத்தால் காய்கறிப் பையும் சாப்பாட்டு டப்பாவும் அதிலேயே போகும். விடியலிலும் இரவிலும் ஓட்டுகிறவர்கள் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் கட்டாயம் பொருத்த வேண்டும்.

எந்த வண்டியை விட்டுவிடலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சட்டத்தில் விரிசல் கண்டால் விட்டுவிடுங்கள். மலிவு விலையில் வந்த பின்பக்க ஷாக் வண்டிகளும் அன்றாடப் பயனுக்கு ஏற்றவை அல்ல. மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங் தின்றுவிடும். கேரியரும் சரியாக நிற்காது. அவற்றிலிருந்து சக்கரம், பெடல், பிரேக் ஆகியவற்றைக் கழற்றி வேறு வண்டிக்குப் பயன்படுத்தலாம். முன்பக்க ஷாக் மட்டும் உள்ள வண்டிக்குச் சாதாரண ஃபோர்க்கு மாற்றினால் போதும்.

நம் ஊருக்கென்று ஒன்று உண்டு. சயனைடு மண் மேடுகளிலிருந்து காற்றில் பறக்கும் நுண்மணல் செயினில் ஒட்டி எண்ணெயோடு சேர்ந்து அரம்போல் தேய்க்கும். ஆகவே வாரம் ஒருமுறை செயினைத் துணியால் துடைத்து, அளவாக எண்ணெய் விட்டு, மிகுதியை மறுபடி துடைத்துவிட வேண்டும். எண்ணெய் சொட்டச் சொட்ட விட்டால் மணல்தான் சேரும்.

கைகள் ஓயுமுன்னே

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கவயல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு 2018-லும் 2022-லும் வந்த திரைப்படங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. துப்பாக்கியும் தாதாவும்தான் இந்த ஊர் என்று எண்ணிவிட்டார்கள். உண்மையில் இது ஃபிட்டர்களின் ஊர், வெல்டர்களின் ஊர், கொல்லர்களின் ஊர். பெங்களூர் நகருக்கு மின்விளக்கு வந்தது 1905-ல். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1902-ல், சிவசமுத்திரத்திலிருந்து இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது. பூமிக்கடியில் 3 கி.மீ.க்கும் அதிகமான ஆழத்துக்கு ஆட்களை இறக்கி ஏற்றிய இயந்திரங்களைப் பழுதின்றி ஓட்டியவர்கள் நம் தந்தையர். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வெறுங்கையோடு வந்தவர்கள், இங்கே வந்து அந்தக் கைகளுக்குத் தொழிலைப் பழக்கினார்கள். அதிகம் படிக்காதவர்கள்தாம். ஆனால் ஓர் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள்.

சுரங்கம் மூடியபோது 35 வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தொட்டுவிட்டார்கள். அவர்களைவிட மூத்தவர்களில் பலரை நாம் இழந்துவிட்டோம். தூசு நிறைந்த சுரங்கக் காற்றைச் சுவாசித்துக் கெட்ட நுரையீரலோடு இருமி இருமிப் போனவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். மிஞ்சியிருப்பவர்களின் கையில் இருக்கும் அறிவை நாம் என்ன செய்யப் போகிறோம்? சுரங்க இயந்திரத்தில் பழக இனி வழியில்லை. ஆனால் ஒரு சைக்கிளில் ஏறக்குறைய எல்லாமே இருக்கின்றன. பேரிங் குண்டுகள் இருக்கின்றன, மரை இருக்கிறது, பல் சக்கரம் இருக்கிறது, நெம்புகோல் இருக்கிறது. எந்தப் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்ற கைப்பக்குவத்தை ஒரு பழைய சைக்கிளை வைத்தே பிள்ளைகளுக்குப் பழக்கிவிடலாம்.

'என் மகன் கம்ப்யூட்டர் படிக்கிறான், அவனுக்கு ஸ்பானர் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்பானர் பிடித்தவர்கள் கட்டிய பள்ளிக்கட்டணத்தில்தானே அவன் கம்ப்யூட்டர் படிக்கிறான்? கையால் ஒரு பொருளைச் சீர்செய்யத் தெரிந்தவனுக்கு வாழ்க்கையில் ஒரு தைரியம் வருகிறது. அது எந்த வேலைக்கும் உதவும்.

பெண் பிள்ளைகளையும் இதில் சேர்க்க வேண்டும். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளர்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரமாயிரமாகக் கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கான சைக்கிள்கள் போதாமல் போனபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். குழந்தையை முன்னே பாரில் உட்கார வைக்க அதுவே வசதி என்று சொன்னவர்களும் உண்டு. வண்டிக்கேற்ப அவர்கள் மாறவில்லை; தங்கள் தேவைக்கேற்ப வண்டியைப் பயன்படுத்திக்கொண்டார்கள். கர்நாடக அரசும் 2006-07-ல் எட்டாம் வகுப்பு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவச சைக்கிள் திட்டத்தைத் தொடங்கியது. அப்படி வந்த வண்டிகளும் எத்தனையோ வீடுகளில் கிடக்கின்றன. அவற்றையும் சீர்செய்யலாம்.

ஒரு வேண்டுகோள்

நம் சங்கங்கள் பொங்கல் விழா நடத்துகின்றன, பட்டிமன்றம் நடத்துகின்றன, பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும் நடத்துகின்றன. எல்லாம் தேவையானவையே. அவற்றோடு ஆண்டுக்கு ஒருமுறை, கோடை விடுமுறையில், ஒரு வாரம் சைக்கிள் பட்டறை நடத்தினால் என்ன? பெங்களூர்க் குடும்பங்கள் கீழ்த்தளத்தில் கிடக்கும் வண்டிகளைத் திரட்டி ஒரு சரக்கு வேனில் தங்கவயலுக்கு அனுப்பட்டும். ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ ஒரு பள்ளி மைதானம் போதும். ஓய்வுபெற்ற ஃபிட்டர் அண்ணன்மார் ஐந்தாறு பேரை மரியாதையோடு அழைத்து உட்கார வைப்போம். ஒவ்வொருவரிடமும் நான்கைந்து பிள்ளைகள் வேலை பழகட்டும். சீரான வண்டிகளைத் தேவைப்படும் மாணவர்களுக்கும், விடியற்காலை ரயிலுக்கு ஓடும் தொழிலாளர்களுக்கும் கொடுப்போம். ஜூன் 3-ஆம் தேதியை உலக சைக்கிள் தினமாக ஐ.நா. சபை 2018-ல் அறிவித்திருக்கிறது. பள்ளி திறக்கும் நேரம் அது. வண்டிகளைக் கையில் கொடுக்க அதைவிடப் பொருத்தமான நாள் எது?

ரயில்வேயிடமும் நகரசபையிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. நம் ஸ்டேஷன்களில் சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்ட இரும்புக் கம்பிகளும், மேலே ஒரு தகரக் கூரையும் வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும். பத்துப் பேர் சைக்கிளில் போனால் கேட்க முடியாது. நூறு பேர் போனால் கேட்கலாம். அவர்களும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆகவே முதலில் ஓட்டத் தொடங்குவோம்.

இதைப் படித்து முடித்ததும் வீட்டின் பின்புறம் போய்ப் பாருங்கள். அந்தச் சாக்கை எடுத்துவிட்டுப் பெடலை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சுற்றினால் நல்லது. சுற்றாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் தெருவிலேயே அதைச் சுற்ற வைக்கத் தெரிந்த ஒருவர் இருப்பார். அவர் வீட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள், பிள்ளையையும் கூட அழைத்துக்கொண்டு.